அப்பாவின் கல்லுக்கு ஒரு வசனம்

அப்பா இறந்து மூன்று மாதம் கழித்து, கல்லறையில் பதிக்கும் கல்லில் என்ன எழுதுவது என்று வீட்டில் பேச்சு வந்தது. பெயரும் தேதிகளும் கொடுத்தாயிற்று. கீழே ஒரு வசனத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். இரண்டு வரிக்குமேல் கொள்ளாது.

தம்பி உடனே பிலிப்பியர் நிருபத்திலிருந்து ஒன்றைச் சொன்னான்: "தேகத்தைவிட்டுப் பிரிந்து, கிறிஸ்துவுடனேகூட இருக்க எனக்கு ஆசையுண்டு." அம்மாவுக்கு அது ஒட்டவில்லை. "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்னு போட்டாப் போதும்" என்றார்.

"அப்பா தூங்கலம்மா. இப்ப ஆண்டவர்கிட்ட இருக்கார்."

"அப்ப எக்காளம் ஊதுறப்போ குழியிலேர்ந்து எழுந்திரிக்கப் போறது யாருப்பா?"

அம்மா வாதாடுவதற்காகக் கேட்கவில்லை. அடக்கத்தன்று இரண்டையும் காதால் கேட்டவர் அவர். வீட்டில் ஜெபிக்கும்போது "இந்நேரம் அவர் பரதீசில் களிகூர்ந்துகொண்டிருக்கிறார்" என்றார் போதகர். குழியருகே நின்றபோது, "கடைசி எக்காளம் தொனிக்கும்வரை நம் சகோதரர் இங்கே நித்திரை செய்வார்" என்று அதே போதகர் சொன்னார். இரண்டுமே வேதத்தில் இருப்பவைதான். அவர் எதையும் தவறாகச் சொல்லிவிடவில்லை.

அன்றிரவு அப்பாவின் வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். பிரசங்கி 9ஆம் அதிகாரம், 5ஆம் வசனம்: "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்." ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. மெல்லிய கோடு, ஆனால் அழுத்திப் போட்டது. தினமும் மாலையில் எங்களை உட்காரவைத்து வேதம் வாசித்த மனிதர் இந்தக் கேள்வியை எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அதற்குப் பதில் கிடைக்குமா என்று பார்க்கத்தான், மரணத்தைப் பற்றி வேதம் பேசும் இடங்களை ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல்வரை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் தடுக்கியது ஒரு சொல்லில். மண்ணினால் மனிதனை உருவாக்கி, நாசியிலே ஜீவசுவாசத்தை ஊதியபோது, "மனுஷன் ஜீவாத்துமாவானான்" என்கிறது ஆதியாகமம் 2:7. ஆத்துமா என்றதும் நமக்குள் ஒரு படம் எழுகிறது: உடம்பு கூடு, உள்ளே சாகாத ஒன்று, கூடு விழுந்தால் அது பறந்துவிடும். அந்தப் படம் தமிழுக்கு மிகப் பழையது. "குடம்பை தனித்தொழியப் புட்பறந் தற்றே" என்று குறளே சொல்லிவிட்டது. ஆனால் ஆதியாகமத்தின் எபிரெயத்தில் அங்கே இருக்கும் சொல் நெபெஷ். தொண்டை, மூச்சு, உயிர், பசி, உயிருள்ள ஆள் என்று பல பொருள் அதற்கு. அதே "நெபெஷ் ஹய்யா" என்ற தொடர்தான் முதல் அதிகாரத்தில் மீன்களுக்கும் மிருகங்களுக்கும் வருகிறது. அங்கே நம் பழைய மொழிபெயர்ப்பு "ஜீவஜந்துக்கள்" என்கிறது. மனிதனிடம் வந்ததும் "ஜீவாத்துமா" என்கிறது. எண்ணாகமத்தில் பிணத்தைக் குறிக்கவும் இதே நெபெஷ் வந்திருக்கிறது. திருவிவிலியம் மொழிபெயர்ப்பில் இந்த வசனம் "மனிதன் உயிர் உள்ளவன் ஆனான்" என்று முடியும். அதைப் படித்தபோதுதான் புரிந்தது: மனிதனுக்குள் ஆத்துமா ஒன்று வைக்கப்பட்டது என்று அந்த வசனம் சொல்லவில்லை. மண்ணும் மூச்சும் சேர்ந்த அந்த முழு மனிதன்தான் நெபெஷ். மூச்சு போனால் மண். "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்று அடுத்த அதிகாரமே சொல்லிவிடுகிறது.

அப்படியானால் செத்தவர் எங்கே போகிறார்? பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதிக்கு ஒரே பதில்தான்: பாதாளம். எபிரெயத்தில் ஷெயோல். இதை நரகம் என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் குழம்பிப்போகும். ஷெயோலில் தண்டனையும் இல்லை, பரிசும் இல்லை. நல்லவர், கெட்டவர் எல்லோரும் போகும் இருண்ட, ஓசையற்ற இடம் அது. யோசேப்பு செத்துப்போனான் என்று நம்பிய யாக்கோபு, துக்கத்தோடே மகனிடத்துக்குப் பாதாளத்தில் இறங்குவேன் என்று அழுகிறான். எந்தோர் என்ற ஊரில் சவுல் ராஜா இறந்துபோன சாமுவேலை எழுப்பிக் கேட்டபோது அந்தத் தீர்க்கதரிசி சொன்னது: "நாளைக்கு நீயும் உன் குமாரரும் என்னோடிருப்பீர்கள்." தள்ளப்பட்ட ராஜாவும் அவனைத் தள்ளியதாக அறிவித்த தீர்க்கதரிசியும் ஒரே இடத்தில்.

அங்கே கடவுளோடு பேச்சுவார்த்தைகூட இல்லை. "மரணத்தில் உம்மை நினைவுகூர்வதில்லை, பாதாளத்தில் உம்மைத் துதிப்பவன் யார்?" என்கிறது 6ஆம் சங்கீதம். மரணப் படுக்கையிலிருந்து 15 வருஷம் கூட்டிக்கொடுக்கப்பட்ட எசேக்கியா ராஜாவும் அதையேதான் சொல்கிறான்: "பாதாளம் உம்மைத் துதிப்பதில்லை." இது ஒருவகை வழக்காடல். நான் செத்தால் உமக்கும்தானே நஷ்டம், உம்மைப் பாட ஒரு வாய் குறையுமே என்று கடவுளிடமே சொல்லும் துணிச்சல். 88ஆம் சங்கீதம் இன்னும் கொடியது. மற்ற புலம்பல் சங்கீதங்கள் எங்கேயாவது நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பவே திரும்பாது. மூலத்தில் அதன் கடைசிச் சொல் "இருள்." அடக்க ஆராதனைகளில் அந்தச் சங்கீதத்தை வாசித்து நான் கேட்டதில்லை. வாசிக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அந்த நாளில் நமக்குள் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

இந்தப் பகுதியில் நான் நெடுநாள் நின்றுவிட்டேன். ஆபிரகாமோ மோசேயோ எரேமியாவோ பரலோகம் போவேன் என்று சொல்லிக்கொண்டு கடவுளின் பின்னால் நடக்கவில்லை. மறுமை என்ற கணக்கே இல்லாமல், இந்த ஒரே வாழ்க்கைக்குள் அவரை நேசித்தார்கள், அவரோடு சண்டை போட்டார்கள், வயது நிறைந்து தங்கள் ஜனத்தாரோடே சேர்க்கப்பட்டார்கள். அப்பா கேள்விக்குறி போட்ட பிரசங்கியும் அந்த வரிசையில் வருகிறவன்தான். உயிருள்ள நாய் செத்த சிங்கத்தைவிட மேல் என்பான். அதனால் சந்தோஷத்தோடே உன் ஆகாரத்தைப் புசி, நீ நேசிக்கிற மனைவியோடே வாழ்வை அநுபவி என்பான். மனிதனுக்கும் மிருகத்துக்கும் சாவு ஒன்றுபோலத்தான் என்று 3ஆம் அதிகாரத்தில் சொன்னவன், 12ஆம் அதிகாரத்தில் ஆவி தன்னைத் தந்த தேவனிடத்துக்குத் திரும்பும் என்கிறான். அதை நித்திய ஜீவனுக்கான வாக்குறுதியாகச் சிலர் வாசிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுத்த மூச்சைக் கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். ஆனால் "தேவனிடத்துக்கு" என்ற அந்தத் திசையை அவன் சொல்லாமல் விடவில்லை.

யோபுவிடம் ஆசை இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. "ஒரு மரத்தைக்குறித்தாவது நம்பிக்கையுண்டு, அது வெட்டிப்போடப்பட்டாலும் திரும்பத் தழைக்கும்." மனிதனுக்கு? "மனுஷன் செத்தபின் பிழைப்பானோ?" கேள்வியைக் கேட்டுவிட்டு, நீர் என்னைக் கூப்பிடும், நான் பதில் சொல்வேன் என்று ஏங்குகிறான். 19ஆம் அதிகாரத்தில் "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்று முழங்குவதும் அவன்தான். அதற்கு அடுத்த வரியின் எபிரெயம் மிகக் கடினமானது. "என் மாம்சத்திலிருந்து தேவனைப் பார்ப்பேன்" என்றும் கொள்ளலாம், "மாம்சம் இல்லாமல்" என்றும் கொள்ளலாம். உடம்போடா, உடம்பு இல்லாமலா என்ற எங்கள் வீட்டுக் கேள்வி அந்த ஒரு முன்னிடைச்சொல்லில் தொங்குகிறது!

பிறகு எங்கே திரும்பியது? கொலைகள் நடந்த இடத்தில். கி.மு. 167இல் கிரேக்க அரசன் நான்காம் அந்தியோகஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி, நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டவர்களைக் கொன்றான். இதற்கு முன்னால், நல்லவனுக்கு நீண்ட ஆயுசு, கெட்டவனுக்குச் சீக்கிரம் அழிவு என்று ஒரு கணக்கு ஓரளவுக்காவது செல்லுபடியானது. இப்போது கடவுளுக்கு உண்மையாக இருந்த காரணத்தினாலேயே இளைஞர்கள் செத்தார்கள். பாதாளம் என்ற பதில் இங்கே போதவில்லை. தானியேலின் பிற்பகுதி இந்தக் காலத்தில்தான் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான வேத அறிஞர்களின் கருத்து. பழைய ஏற்பாட்டு எபிரெயத்தில் "நித்திய ஜீவன்" என்ற தொடர் வரும் ஒரே இடம் அங்கேதான், 12:2இல்: பூமியின் தூளிலே நித்திரைபண்ணுகிறவர்களில் சிலர் நித்திய ஜீவனுக்கும் சிலர் நித்திய நிந்தைக்கும் விழித்தெழுவார்கள். அம்மாவின் "நித்திரை" இதுதான். தூங்குகிறவர் எழுந்துவிடுவார் என்ற உறுதி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளின் வேதாகமத்தில் உள்ள இரண்டாம் மக்கபேயர் நூல் எங்கள் வீட்டு வேதாகமத்தில் கிடையாது. ஒரு தோழியிடம் இரவல் வாங்கித்தான் படித்தேன். அதன் 7ஆம் அதிகாரத்தில் ஏழு சகோதரர்களைத் தாயின் கண்முன்னே ஒவ்வொருவராகக் கொல்கிறார்கள். மூன்றாவது மகன் நாக்கையும் கைகளையும் தானே நீட்டுகிறான்: இவற்றை விண்ணகத்திலிருந்து பெற்றேன், அவரிடமிருந்தே திரும்பவும் பெறுவேன் என்கிறான். வெட்டப்பட்ட அதே கைகளைக் கேட்கிறான். எங்கோ மிதக்கும் ஓர் ஆவி வாழ்வு அவனுக்கு வேண்டாம். உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கைக்குள் இப்படி ஒரு நியாயக் கோரிக்கை இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அதே இரவல் வேதாகமத்தில், கிரேக்க மொழியில் எழுதப்பட்ட சாலமோனின் ஞானம் வேறுவிதமாகப் பேசுகிறது: நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில் இருக்கின்றன, எந்தத் தொல்லையும் அவர்களைத் தொடாது. இது தம்பியின் பக்கம்! ஆக, இயேசு பிறப்பதற்கு முன்னமே அம்மாவும் தம்பியும் போட்ட வழக்கு தொடங்கிவிட்டது. அதில் மூன்றாவது தரப்பும் இருந்தது. ஆலயத்தை நிர்வகித்த சதுசேயர்கள், உயிர்த்தெழுதல் என்பதே இல்லை என்றார்கள். அவர்களை நாம் எளிதாக வில்லன்களாக்கிவிடுகிறோம். யோசித்துப் பார்த்தால் அவர்கள்தான் பழைமையான நம்பிக்கையை அப்படியே வைத்திருந்தவர்கள்.

அவர்கள் இயேசுவிடம் வந்து ஏழு சகோதரருக்கு மனைவியான ஒருத்தியின் கதையைச் சொல்லி மடக்கப் பார்க்கிறார்கள். மாற்கு 12ஆம் அதிகாரம். இயேசு தானியேலை எடுக்கவில்லை. சதுசேயர்களும் ஒப்புக்கொள்ளும் மோசேயின் ஆகமத்திலிருந்தே, எரிகிற முட்செடியிடம் கேட்ட சொல்லை எடுக்கிறார்: "நான் ஆபிரகாமின் தேவனும் ஈசாக்கின் தேவனும் யாக்கோபின் தேவனுமாயிருக்கிறேன்." அவர் மரித்தோருக்குத் தேவனாயிராமல் ஜீவனுள்ளோருக்குத் தேவனாயிருக்கிறார் என்கிறார். ஆபிரகாமின் எந்தப் பகுதி சாகாதது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடவுள் தம்மை ஆபிரகாமின் பெயரோடு சேர்த்து அழைத்துக்கொண்டார். அந்த உறவைச் சாவு அறுக்க முடியாது. வாதம் முழுக்க மனிதனின் இயல்பிலிருந்து கடவுளின் இயல்புக்கு நகர்ந்துவிடுகிறது. நான் தேடியது இந்த இடத்தில்தான் எனக்குக் கிடைக்கத் தொடங்கியது.

புதிய ஏற்பாட்டின் பல கடிதங்களை எழுதிய பவுலிடம் வந்தபோது, ஒரே மனிதருக்குள் அம்மாவும் தம்பியும் சேர்ந்து இருப்பதைப் பார்த்தேன். கி.பி. 50 வாக்கில் எழுதிய முதலாம் தெசலோனிக்கேயரில் இறந்தவர்கள் "நித்திரையடைந்தவர்கள்." எக்காளம் தொனிக்கும், கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள், பின்பு "உயிரோடிருக்கும் நாமும்" என்று எழுதுகிறார். கவனியுங்கள், "நாமும்." அந்த நாளில் தானும் உயிரோடு இருப்பேன் என்று எதிர்பார்த்து எழுதியதுபோலத்தான் இருக்கிறது. சில வருஷம் கழித்து கொரிந்தியருக்கு எழுதும்போது விதையை உவமை காட்டுகிறார். விதைப்பது ஜென்மசரீரம், எழுவது ஆவிக்குரிய சரீரம். ஜென்மசரீரம் என்று நாம் படிப்பது கிரேக்கத்தில் ப்ஸுகே என்ற சொல்லிலிருந்து பிறந்தது; நெபெஷுக்குக் கிரேக்க மொழிபெயர்ப்பு ப்ஸுகே. அதாவது பவுலின் கணக்கில் ஆத்துமா அழிவுள்ளதன் பக்கம் நிற்கிறது! அடுத்த வரியிலேயே "ஆதாம் ஜீவாத்துமாவானான்" என்று ஆதியாகமத்தை எடுத்துக்காட்டுகிறார். அவருக்கு மரணம் நண்பனோ விடுதலையோ கிடையாது: "பரிகரிக்கப்படுங் கடைசிச் சத்துரு."

அப்புறம் ஆசியாவில் ஏதோ நடந்தது. பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போகும் அளவுக்குப் பாரப்பட்டோம் என்று இரண்டாம் கொரிந்தியரின் தொடக்கத்தில் எழுதுகிறார். அதே கடிதத்தின் 5ஆம் அதிகாரத்தில் குரல் மாறியிருக்கிறது. இந்தச் சரீரம் ஒரு கூடாரம், இதைக் களைந்தால் நிர்வாணமாக நிற்க வேண்டியிருக்குமோ என்று தயங்குகிறார். ஆனாலும் தேகத்தை விட்டுக் குடிபோகவும் கர்த்தரிடத்தில் குடியிருக்கவும் விரும்புகிறேன் என்கிறார். தம்பி சொன்ன பிலிப்பியர் வசனம் சிறையிலிருந்து எழுதியது. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: சாவு தூரத்தில் இருந்தபோது பவுலுக்கு அது உலகத்தின் கடைசியைப் பற்றிய கேள்வியாக இருந்தது. அருகில் வந்தபோது, அன்று இரவு கிறிஸ்து கூட இருப்பாரா என்ற கேள்வியாகிவிட்டது. ஆனால் அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைக் கைவிடவில்லை. பிலிப்பியரிலேயே 3ஆம் அதிகாரத்தில், நம்முடைய அற்பமான சரீரத்தைக் கிறிஸ்து மறுரூபப்படுத்துவார் என்று காத்திருக்கிறார்.

லூக்காவில், இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட கள்ளனுக்குக் கிடைக்கும் வாக்கு எல்லோருக்கும் தெரியும்: "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்." பழைய கிரேக்கப் பிரதிகளில் நிறுத்தற்குறிகள் இல்லாததால், "இன்றைக்கு" என்பதைச் "சொல்லுகிறேன்" என்பதோடு சேர்த்து வாசிப்பவர்களும் உண்டு. சொல்வது இன்றைக்கு, பரதீசு பிறகு என்று. தமிழில் "என்று மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்" எனப் பின்னால் வந்துவிடுவதால் அந்தக் குழப்பம் நமக்குத் தெரிவதே இல்லை. "மெய்யாகவே சொல்லுகிறேன்" என்று இயேசு வேறெங்கு சொல்லும்போதும் அதோடு "இன்றைக்கு" சேர்வதில்லை என்பதால் வழக்கமான வாசிப்பே சரி என்று நினைக்கிறேன். ஆனால் அதே இயேசு யோவானில், பிரேதக்குழிகளிலுள்ள அனைவரும் தம் சத்தத்தைக் கேட்குங்காலம் வரும் என்கிறார். அதற்கு நாலு வசனம் முன்னால், தம்மை நம்புகிறவன் ஏற்கெனவே மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறான் என்கிறார். யோவானுக்கு நித்தியஜீவன் செத்தபின் தொடங்குவதே இல்லை. ஒன்றான மெய்த்தேவனையும் அவர் அனுப்பினவரையும் அறிவதே நித்தியஜீவன், 17:3. தம்பி லாசரு இறந்தபின் ஊருக்கு வெளியே இயேசுவை எதிர்கொண்ட மார்த்தாள் அம்மாவைப்போலவே பேசுகிறாள், கடைசிநாளிலே எழுந்திருப்பான் என்று அறிந்திருக்கிறேன் என்று. "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்கிறார் அவர். சொல்லிவிட்டு, சில நிமிஷங்களில் எழுப்பப்போகிறவனுக்காகக் கண்ணீரும் விடுகிறார்.

நரகத்தைப் பற்றியும் வேதம் ஒரே குரலில் பேசவில்லை. மத்தேயு 10:28 ஆத்துமாவையும் சரீரத்தையும் அழிக்க வல்லவர் என்கிறது. வெளிப்படுத்தல் சதாகாலமும் எழும்பும் புகையைக் காட்டுகிறது. ஆதாமுக்குள் எல்லாரும் மரிக்கிறதுபோல கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள் என்கிறார் பவுல். அதற்குள் இங்கே போக எனக்குத் தெம்பில்லை.

சபை வரலாற்றிலும் வழக்கு தீரவில்லை என்பது ஒருவகையில் ஆறுதலாக இருந்தது. நியாயத்தீர்ப்பு நாள்வரை பரிசுத்தவான்களின் ஆத்துமாக்கள்கூடக் கடவுளை முகமுகமாய்க் காணா என்று 1331இல் போப் 22ஆம் யோவான் பிரசங்கித்தார். எதிர்ப்பு கிளம்பி, 1334இல் மரணப் படுக்கையில் அதைத் திரும்பப் பெற்றார். அவருக்குப் பின் வந்த 12ஆம் பெனடிக்ட், உடனே காண்கிறார்கள் என்று 1336இல் அறிவித்தார். சபைச் சீர்திருத்தக்காரர்களிலும் லுத்தர் சாவை ஆழ்ந்த தூக்கமாகப் பல இடங்களில் பேசினார். கால்வின் தன் 25 வயதிலேயே, ஆத்துமா தூங்குவதில்லை என்று ஒரு நூல் எழுதினார். பாருங்கள், போப்பே தடுமாறிய இடத்தில்தான் எங்கள் அம்மா நிற்கிறார்.

இவற்றை ஒட்டவைத்து ஒரே வரைபடம் ஆக்கும் முயற்சிகளையும் படித்தேன். சரீரம் தூங்குகிறது, ஆத்துமா விழித்திருக்கிறது, கடைசிநாளில் இரண்டும் சேரும் என்று. சபைகள் பலவும் போதிப்பது அதுதான். அதைத் தப்பென்று சொல்ல நான் யார். ஆனால் அந்த வரைபடத்தில் 88ஆம் சங்கீதத்துக்கு இடம் இல்லை. அப்பாவின் கேள்விக்குறிக்கும் இல்லை. வேதத்தைத் தொகுத்தவர்களுக்கு இந்த முரண்கள் தெரியாமல் இருந்திருக்காது. இருந்தும் பிரசங்கியை வெளியே தள்ளவில்லை. பாதாளம் மௌனம் என்றவனையும் ஆன்மா கடவுள் கையில் என்றவனையும் வெட்டிய கை திரும்ப வரும் என்றவனையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள். எல்லோரும் அதே கடவுளின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள், உம்மைத் துதிக்க அங்கே யார் என்று கேட்பவன் உட்பட.

கல்லுக்கு வசனம் கொடுக்கும் நாள் வந்தது. நான் 139ஆம் சங்கீதத்தின் 8ஆம் வசனத்தில் ஒரு பாதியை எழுதி நீட்டினேன்: "நான் பாதாளத்தில் படுக்கைபோட்டாலும், நீர் அங்கேயும் இருக்கிறீர்."

தம்பி முகம் சுளித்தான். "கல்லுல போய் யாராவது பாதாளம்னு போடுவாங்களாக்கா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

நான் அப்பாவின் வேதாகமத்தைத் திறந்து பிரசங்கி பக்கத்தைக் காட்டினேன். அந்தக் கேள்விக்குறியை அவன் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தாளை வாங்கி, உதடு அசைய இரண்டு தடவை படித்தார்.

"படுக்கைன்னு இருக்கே" என்றார். "அவரும் அங்க இருக்கார்னு இருக்கு. இதையே கொடு."